குடும்பக் குழுவில் மெண்டோசா

அருண்: கல்லூரிக் குத்துச்சண்டை அணியில் என்னைச் சேர்க்கவில்லை. உயரம் போதாதாம். சித்தப்பா, குள்ளமானவர்கள் யாருமே இதில் பெயர் வாங்கவில்லையா?

முரளி சித்தப்பா: டேனியல் மெண்டோசா என்று ஒருவர் இருந்தார், அருண். லண்டன் ஆல்ட்கேட்டில் பிறந்த யூதர். உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம், எடை 73 கிலோ. அப்போது எடைப் பிரிவும் இல்லை, கையுறையும் இல்லை. ஆனாலும் 1792 முதல் 1795 வரை இங்கிலாந்தின் சாம்பியன் அவர்தான்.

அருண்: எப்படி முடிந்தது?

முரளி சித்தப்பா: மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்று மாறி மாறிக் குத்திக்கொள்வார்கள். இவர் நகர்ந்தார். குத்து வரும்போது பக்கவாட்டில் விலகுவார், முன்கையால் தடுப்பார், எதிராளி நிலை தடுமாறும் நொடியில் இடது கையால் நேராக முகத்தில் ஒன்று. கோழைத்தனம் என்று தூற்றியவர்களும் உண்டு. அவரோ 1789-இல் அதையே பாடநூலாக எழுதிவிட்டார்.

கோமதி அத்தை: அப்புறம் யாரிடம் தோற்றார்?

முரளி சித்தப்பா: ஜான் ஜாக்சனிடம், அக்கா. 1795 ஏப்ரல் 15, ஹார்ன்சர்ச்சில். ஜாக்சன் உயரத்திலும் எடையிலும் நன்றாகவே கூடுதல். மெண்டோசாவின் நீண்ட தலைமுடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தினார். விழுந்தவரை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று 1743-ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது. முடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோமதி அத்தை: அநியாயம்! இதையெல்லாம் வெற்றி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நித்யா: மெண்டோசாவின் பெயர் கெட்டது அந்தத் தோல்வியால் அல்ல, அத்தை. 1809-இல் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில் டிக்கெட் விலையை ஏற்றினார்கள். மக்கள் இரவுதோறும் உள்ளே கூச்சலிட்டு நாடகத்தையே நடத்தவிடவில்லை. அவர்களை அடக்க நிர்வாகம் கூலிக்கு அமர்த்திய ஆட்களில் மெண்டோசாவும் ஒருவர்.

முரளி சித்தப்பா: கடனுக்காகச் சிறைக்குப் போனவர் அம்மா அவர். பெரிய குடும்பம். வேலை கொடுத்த இடத்துக்குப் போனார்.

நித்யா: கஷ்டம் புரிகிறது சித்தப்பா. ஆனால் அவருக்குக் கைதட்டியவர்கள் மேலேயே கை ஓங்கப் போனாரே! கடைசியில் நிர்வாகம்தான் மன்னிப்புக் கேட்டு இறங்கி வந்தது.

கோமதி அத்தை: வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, நித்யா. நான் முரளி பக்கம்தான்.

முரளி சித்தப்பா: ஐம்பது வயதைத் தாண்டி, 1820-இல் மறுபடியும் சண்டைக்கு இறங்கித் தோற்றார். 1836-இல் வறுமையில் இறந்தார். சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் 1990-இல் சேர்த்துக்கொண்ட முதல் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அது அவருக்கு உரிய இடம்.

நித்யா: திறமைக்கு உரிய இடம், சரி. 1809-க்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

அருண்: சித்தப்பா, எதிராளிக்குக் கை நீளமாக இருந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும்?

முரளி சித்தப்பா: பெரும்பாலானோருக்கு வலது கைதான் பலம். நீ உன் வலப்பக்கமாக நகர்ந்தால் அந்தக் கையிலிருந்து தள்ளிப் போவாய். ஞாயிறு காலை மொட்டைமாடிக்கு வா, காட்டுகிறேன்.