மொட்டை மாடியில் காய்ந்த கேஸ் ஷீட்டுகள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்தபோது என் மனநல ஆலோசனைக் கிளினிக் தரைத்தளத்தில் இருந்தது. இரண்டே அறைகள். ஒன்றில் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். இன்னொன்றில் ஒரு மேசையும் இரும்பு பீரோவும். பீரோவின் கீழ்த்தட்டு இரண்டிலும் ஒன்பது வருடத்துக் கேஸ் ஷீட்டுகள், அதாவது வருகிறவர்களைப் பற்றி நான் எழுதிவைத்த குறிப்புத் தாள்கள். தண்ணீர் வடிந்து நான் உள்ளே போக நான்கு நாளாயிற்று. காகிதம் ஊறி உப்பி இறுகிக் கிடந்ததில் பீரோக் கதவைக் கடப்பாரை வைத்துத்தான் நெம்ப முடிந்தது.

எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. பிரிக்க முடிந்த தாள்களையெல்லாம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன், தரையில் பரப்பிக் கல் வைத்தேன். மறுநாள் மாலை துணி எடுக்க மேலே வந்த பக்கத்து வீட்டு அம்மா ஒரு தாளின் முன் நின்றுகொண்டிருந்தார். "இது நம்ம தெருமுனை வீட்டுப் பொண்ணு இல்ல? பாவம், அதுக்கு என்ன?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையான கவலை முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் தன் தாயிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொல்லியிருந்தாள். அது என் கையெழுத்தில், அவள் பெயருக்குக் கீழே, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றிரவே அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எவ்வளவு தூரம் படிச்சாங்க மேடம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பதில். அதன்பின் இரண்டு முறை வந்தாள். பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் மாற்றினேன். பெயர், முகவரி, போன் எண் ஒரு சிறு ரிஜிஸ்டரில் மட்டும்; ஃபைலின் மேலும் உள்ளும் வெறும் எண். இரண்டுக்கும் வேறு வேறு பூட்டு, வேறு வேறு இடம். இப்போது முதல் மாடியில் இருக்கிறேன். இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்: எழுதுவதையே குறைத்தேன். அறிகுறி, மதிப்பீடு, என்ன சிகிச்சை, அடுத்து எப்போது, உயிருக்கு ஆபத்து உண்டா என்பவை கேஸ் ஷீட்டில் கட்டாயம் இருக்கும். யாரோடு சண்டை, யார்மேல் ஆசை என்பதெல்லாம் சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் ஒழிய எழுதுவதில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

*திருச்சி, மனநல கிளினிக் வரவேற்பில் வேலை பார்ப்பவர்:*

அக்கா, எங்கள் இடத்தில் வெள்ளமெல்லாம் வரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதுமானதாக இருந்தது. வருகிறவர்கள் பெயர், ஊர், போன் எழுதிவிட்டு உட்கார வேண்டும். நோட்டு எப்போதும் மேசைமேல் திறந்தே கிடக்கும். ஒருநாள் ஒரு பெரியவர் தன் பெயரை எழுத வந்தவர், மேலே இருந்த வரிகளைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு இங்க எதுக்கும்மா வருது?" என்றார். அவர் மகனுக்குப் பேசி வைத்திருந்த பெண். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை நோட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்தச் சம்பந்தம் என்னவானது என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது டோக்கன் மட்டும்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல்முறை வரும்போதே தனியாக அழைத்து, "எந்த நம்பருக்குப் பேசலாம்? வேற யாராவது எடுத்தா கிளினிக்னு சொல்லலாமா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஒரு அக்கா, "துணிக்கடைல இருந்து பேசறேன்னு சொல்லும்மா" என்றார். அப்படியே சொல்கிறேன்.

*கோவையிலிருந்து, சிகிச்சை பெற்றவர்:*

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். பூட்டி வைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். என் ஃபைலை எனக்கே காட்டாமல் பூட்டி வைத்தார்கள். வேறு ஊருக்கு வேலை மாறியபோது, 19 நாள் உள்நோயாளியாக இருந்த இடத்தில் என் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். "அப்பாவை வரச் சொல்லுங்க" என்றார்கள். எனக்கு அப்போது 34 வயது.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தைப் பற்றியது, எல்லோரும் சொல்வார்கள். 25ஆம் பிரிவு, தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை சிகிச்சை பெறுபவருக்கு உண்டு என்கிறது. படித்தால் அவருக்குக் கடுமையான மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரும் என்றால் மட்டும் குறிப்பிட்ட பகுதியை நிறுத்தி வைக்கலாம். அப்போதும், மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். 2018 விதிகளின்படி உள்நோயாளியாக இருந்தவர் எழுத்தில் கேட்டால் 15 நாளுக்குள் அடிப்படைப் பதிவேடு கொடுக்கப்பட வேண்டும். இதை அச்செடுத்துக்கொண்டு போன பிறகுதான் என் நகல் கிடைத்தது. தரும்போது நர்ஸ் ஒருவர், "வீட்ல தனியா இருக்கும்போது படிக்காதீங்க, யாராவது கூட இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மறக்க மாட்டேன்.

*சென்னை, மருத்துவமனைகளுக்குக் கணினி வேலை செய்து தருபவர்:*

கணினியில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கும் மருத்துவர்களுக்கு நான் பின்லாந்தின் வஸ்தாமோ கதையைச் சொல்வேன். உளவியல் சிகிச்சை மையங்களை நடத்திய நிறுவனம். அதன் நோயாளித் தகவல்தளம் சரியான பாதுகாப்பு இல்லாமல் இணையத்தில் கிடந்தது. சுமார் 33,000 பேரின் விவரங்கள் திருடு போயின. 2020 அக்டோபரில், திருடியவன் மிரட்டிக் கேட்ட பணத்தை நிறுவனம் தராததால், நோயாளிகளுக்கே நேராக மின்னஞ்சல் போனது: 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் நீ சிகிச்சையாளரிடம் பேசியது வெளியே வரும். திருடியவனுக்கு 2024 ஏப்ரலில் 6 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே போன பேச்சு வெளியே போனதுதான்.

நம் ஊரில் நான் பார்ப்பது இன்னும் எளிய ஓட்டைகள். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில். பிரிஸ்கிரிப்ஷனைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அந்தப் படம் குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் போன் கேலரியிலும் குடும்பப் படங்களோடு போய் உட்காரும். போனவாரம் ஒரு இடத்தில் பேக்கப் பென்டிரைவ் எங்கே என்று கேட்டேன். "வீட்ல பையன் ப்ராஜெக்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்றார்கள். நான் போகும் இடங்களில் முதலில் செய்வது, ஆளுக்கொரு கணக்கு வைத்து யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார் என்று பதிவாக வைப்பது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடச் சொல்வேன். பேக்கப்பை மறையாக்கம் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி, வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்வேன்.

*திருநெல்வேலி, மனநல மருத்துவர்:*

ஒரு கேள்வி. பழைய ஃபைல்களை என்ன செய்கிறீர்கள்? மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை, உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. நான் அதைவிட நெடுநாள் வைத்திருக்கிறேன், பத்து வருடம் கழித்துத் திரும்பி வருபவர்கள் உண்டு. இடம்தான் இல்லை. எடைக்குப் போட மட்டும் மனம் வராது.

*முதலில் எழுதியவர்:*

சார், எடைக்குப் போடவே கூடாது. காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் சின்ன ஷ்ரெடர் ஒன்று வாங்கினேன். வருடத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து போடுகிறேன், யாரிடமும் கொடுப்பதில்லை. எந்த எண், எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடம் சொன்ன மூத்த உளவியலாளர் ஒருவர் திடீரென்று காலமானார். காரியம் முடிந்து பத்தாம் நாள் அவர் மகன் போன் செய்து, "ஆன்ட்டி, அப்பா ரூம்ல ஒரு பீரோ நிறைய ஃபைல் இருக்கு, திறக்கலாமா?" என்று கேட்டார். திறக்காதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மூன்று நாள் அங்கேயே இருந்து, சிகிச்சையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் ஃபைல் யாரிடம் போக வேண்டும் என்று கேட்டேன். ஊர் திரும்பியதும் என் ரிஜிஸ்டர் பூட்டின் இரண்டாவது சாவியை உறையில் போட்டு, இதே தொழிலில் இருக்கும் ஒரு தோழியிடம் கொடுத்தேன். அவள் சாவி என்னிடம் இருக்கிறது.