மீள்சேர்க்கை இடர்க் கணிப்பு: சொல்லாக்கம் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இதயத் தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒருவர், 30 நாள்களுக்குள் மீண்டும் உள்நோயாளியாக வர நேரும் வாய்ப்பைக் கணக்கிடும் முறைக்கு, நம் குழும உறுப்பினர் தக்கலை ஐயா 'மறுஅனுமதி ஆபத்து முன்னறிவிப்பு' என்ற தொடரைப் பரிந்துரைத்திருந்தார். அதன் மூன்று உறுப்புகளிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

'அனுமதி' என்பது இசைவு தருவது. நம் குமரி மாவட்டத்தில் 'ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு' என்பதே பேச்சு; எனவே 'சேர்க்கை' போதும். 'மறுசேர்க்கை' கல்லூரி அலுவலகங்களில் வேரூன்றிவிட்டதால் 'மீள்சேர்க்கை' என்கிறேன். எல்லா அடைப்பையும் ஒரே தடவையில் சரிசெய்யாமல், அடுத்த குழாய்க்குச் சில வாரம் கழித்து வரச்சொல்வதும் உண்டு என்பதால், அவ்வாறு வருபவரை எண்ணிக்கையில் சேர்த்தால் கணக்கே பிழைபடும். ஆகவே வரையறையில் 'திட்டமிடாத' என்ற அடைமொழி கட்டாயம் வேண்டும். ஒருவர் முன்வைத்த 'எதிர்பாராத' பொருந்தாது. எதிர்பார்ப்பதற்காகத்தானே இந்தக் கணிப்பே!

'ஆபத்து' என்று வார்டு வாசலில் சொன்னால், குடும்பம் அன்றே திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடித்துவிடும். கூடுவதும் குறைவதுமான அளவைச் சொல்ல 'இடர்' என்பதே தகும்.

'முன்னறிவிப்பு' வானிலைக்காரர்களிடம் இருக்கட்டும். 'முன்கணிப்பு' நோயின் போக்கை உரைப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. இங்கே கிடைப்பதோ 0 முதல் 1 வரையிலான ஒரு நிகழ்தகவு. ஆதலால் 'கணிப்பு' எனச் சுருக்கலாம். இந்த வாய்ப்பைக் கணிக்கக் கனடாவில் உருவாகி 2010-இல் வெளியான 'லேஸ்' (LACE) அளவீடு, மருத்துவமனையில் தங்கிய நாள்கள், அவசரமாகச் சேர்ந்தாரா என்பது, உடனிருக்கும் நோய்கள், முந்தைய ஆறு மாதங்களில் அவசரப் பிரிவுக்கு வந்த தடவைகள் ஆகிய நான்கைக் கொண்டு 0 முதல் 19 வரை மதிப்பிடுகிறது. அந்த எண்ணை 'இடர்ப்புள்ளி' எனலாம். அது பொதுவான உள்நோயாளிகளுக்கென அமைந்தது; ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சிறுநீரகத் திறன், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு போன்றவற்றையும் தனியே எடைபோட வேண்டும்.

கடலுக்குப் போகிறவருக்கு மருந்து விட்டுப்போவதை எந்தச் சொல்லால் குறிப்பது என்று ஆசாரிப்பள்ளத்து மருத்துவ நண்பர் எழுப்பிய கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. நடுக்கடலில் குளோபிடோகிரல் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) அட்டை தீர்ந்துபோனால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். இதை 'மருந்து இடைநிறுத்தம்' என்று எழுதினால், மருத்துவரே நிறுத்தச் சொன்னது போலாகிறது. 'மாத்திரையை முடங்காமல் சாப்பிடணும்' என்று நம் வீடுகளில் சொல்வதை ஒட்டி, 'மருந்து முடக்கம்' என இட்டால், அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவர் நிறுத்துவதிலிருந்து அது விலகி நிற்கும்.

'முடக்கம்' வட மாவட்டத்தாருக்கு வேறு பொருள் தருமெனில், 'மருந்து விடுபாடு' என்பதையும் ஏற்பேன். மற்ற மூன்று உறுப்புகளில் மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுத வேண்டுகிறேன்.