டிரங்குப் பெட்டியில் கிடைத்த பெயர்

காரைக்காலில் எங்கள் பழைய வீட்டை இடிக்கும் முன் பெட்டிகளை ஒழித்தபோது, நாலாக மடித்த ஒரு பிரெஞ்சுத் தாள் கிடைத்தது. மடிப்பு நெடுக இற்றுப்போயிருந்தது. பிரெஞ்சு படித்த சித்தப்பா வாசித்துச் சொன்னார்: தாத்தாவின் பாட்டனார் 'ரெனோன்சான்', அதாவது தன் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர், ஆன பத்திரம்.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். எழுதிக் கொடுத்தால் திரும்ப முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே வருவார்கள். கூடவே ஒரு குடும்பப் பெயரும் எடுக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு அதுவரை குடும்பப் பெயர் ஏது? ஐரோப்பிய ஷூ போட்டு கோர்ட்டுக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். எங்கள் பாட்டனார் எடுத்தது ஒரு பூவின் பெயர். பத்திரத்தின் மேல் வரியில் அவர் பெயரை ஒட்டிச் சாதி இருக்கிறது. பூவின் பெயர் வந்த வரிக்கு அப்புறம் எங்கும் இல்லை. அந்த இடத்தில் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கடைசியில், கோணல்மாணலாகத் தமிழில் கையெழுத்து.

"பேரை மாத்தி வெள்ளைக்காரன் ஆனவங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் விட்டது எதை என்று அந்த மேல் வரியைப் பார்த்தால் தெரியும். அப்படியும் பிரெஞ்சுக்காரர்கள் முழுசாகச் சேர்த்துக்கொண்டார்களா? 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்து, ரெனோன்சான்களைத் தனியாகத்தான் வைத்தார்கள்.

1962 ஆகஸ்ட் 16-இல், இந்தப் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலானபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டனார் எழுதியதே போதும் என்று தாத்தா இருந்துவிட்டார். அது சிவில் சட்டத்துக்கான பத்திரம், குடியுரிமைக்கு உதவாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் தம்பி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில், பிரான்சில் இருந்தார். வெளிநாட்டில் குடியிருந்தவர் என்பதால் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். கடைசி வரை சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) பென்ஷன் வாங்கினார். ஒரே பூவின் பெயர், இரண்டு பாஸ்போர்ட்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பக்கம் உங்கள் வீட்டில் இப்படித் தாள் ஏதும் இருந்தால், அந்தப் பெயரை ஏன் எடுத்தார்கள் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பூ ஏன் என்று சொல்ல ஆளில்லை.