மறுமொழி: பாடக்குறிப்புக்குச் 'சாரக்கட்டு' பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பாடக்குறிப்புகளில் 'ஸ்கஃபோல்டிங்' என்று ஒலிபெயர்த்தே எழுதிவரும் சொல்லுக்கு, அதாவது மாணவர் தாமே செய்யப் பழகும்வரை தந்து பிறகு விலக்கிக்கொள்ளும் உதவிக்கு, இங்கே முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்களை எண்ணிப் பார்த்தேன். 'கற்றல் துணை' ஆகாது; அது துணைக்கருவியோடு குழம்பும், ஆசிரியருக்கு மணிச்சட்டமும் மின்னட்டையுமே நினைவுக்கு வரும். 'கொழுகொம்பு' அழகிய சொல். பாரியின் பறம்பு நமக்குப் பக்கத்துப் பிரான்மலைதான் என்பதால், முல்லைக்குத் தேர் ஈந்த கதையைத் தோழர் நினைவூட்டியது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் கொம்பை எடுத்தால் கொடி சரிந்துவிடும். நாம் பெயரிட முயலும் உதவியோ எடுத்துவிடுவதற்கென்றே தரப்படுவது.

1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியலாளர் மூவர் 'ஸ்கஃபோல்டிங்' என்னும் சொல்லைக் கற்பித்தலுக்குக் கையாண்டபோது, 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளைப் பிரமிடாக அடுக்குகையில் பெரியவர் எந்த அளவுக்கு உதவுகிறார், எப்போது விலகுகிறார் என்பதையே உற்றுநோக்கினார்கள்.

கட்டட வேலையில் ஏறி நிற்பதற்காகக் கட்டும் கம்புச் சட்டத்துக்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர்; நம் கொத்தனார்கள் அதைச் 'சாரம்' என்கிறார்கள். 2009 குடமுழுக்குக்காக மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களில் சாரம் நின்றதைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சாரம் 'கட்டுவார்கள்', வேலை முடிந்ததும் 'பிரிப்பார்கள்'. பெயர்ச்சொல்லைவிட இந்த இரண்டு வினைகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். 'பாடச் சாரம்' என்றால் பாடத்தின் பிழிவு என்று பொருள்படும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் பெயராக வரும்போது 'சாரக்கட்டு' என்கிறேன்.

மேலூர்ப் பக்கத்தில் என் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தியபோது, முதல் நாள் தாள்பட்டையை எட்டாக மடித்து ஒவ்வொரு மடிப்பிலும் 1/8 என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எண்ணில்லாமல் மடிப்பை மட்டும் விட்டேன். மூன்றாம் நாள் பட்டையே இல்லை. 3/8, 1/2 இவற்றில் எது பெரிது என்று கேட்டதும், ஒரு சிறுமி மேசைமேல் விரலால் கோடிழுத்து, அதை நான்கு இடத்தில் தொட்டுவிட்டு, "அரைன்னா நாலு எட்டு, டீச்சர்" என்றாள். பக்கத்திலிருந்த பையன் பட்டையைக் கேட்டான், கொடுத்தேன். அவனுக்கு இன்னும் சாரம் பிரிக்கும் நாள் வரவில்லை.

பாடக்குறிப்பில் எந்த உதவி என்பதோடு, யாருக்கு எப்போது பிரிப்பது என்றும் எழுத இடம் வேண்டும். ஆகவே சொற்பட்டியலில் 'சாரக்கட்டு' ஏறும்போது 'சாரம் கட்டுதல்', 'சாரம் பிரித்தல்' என்னும் இரண்டையும் உடன் சேர்க்க வேண்டுகிறேன்.