ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கோடைப் பயணம்: ஒரே பாஸா, தனித்தனிச் சீட்டுகளா?

கேள்வி – கோவை வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் நானும் கணவரும், ஒன்பது வயது மகனும், எழுபது வயது மாமியாருமாகப் பதினான்கு நாள் பயணம் செல்கிறோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் காலையில் விமானம் இறங்கியதும் மியூனிக் சென்று, பிறகு சால்ஸ்பர்க், வியன்னா, இன்ஸ்ப்ரூக் வழியாக லூசெர்ன் சேர்ந்து, சூரிச்சிலிருந்து ஊர் திரும்புவது திட்டம். கார் எடுக்கும் எண்ணம் இல்லை. மூன்று நாடுகளிலும் செல்லும் யூரெயில் பாஸே நிம்மதி என்கிறார் கணவர். எனக்கோ அது வீண் செலவாகிவிடுமோ என்ற தயக்கம். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேற்றம் குறைவாக இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – மியூனிக்கில் வசிப்பவர்

உங்கள் திட்டத்தில் நீண்ட ரயில் பயணம் ஐந்தே நாள்களில் வருகிறது, தேதிகளும் உறுதியாக இருக்கின்றன. இந்த நிலையில், முன்கூட்டியே வாங்கும் சலுகைச் சீட்டுகள்தான் பெரும்பாலும் மலிவாக அமையும். பாஸில் உங்கள் மகனுக்குக் கட்டணம் இல்லை, அறுபது வயதைக் கடந்தவருக்குத் தள்ளுபடியும் உண்டு என்பதால், இரண்டு வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

பலரும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைப் பரிந்துரைப்பார்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அந்த மாதச் சீட்டு, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உள்ளது. நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் அனைத்திலும் அது செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. அது காலண்டர் மாதத்துக்கானது, சந்தா முறையில் வருவது. அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுக்கப்படும். ஆறு வயது நிறைந்த குழந்தைக்கும் தனிச்சீட்டு தேவை. ஐசிஇ ரயிலிலோ பெற்றோருடன் வரும் பதினான்கு வயது வரையிலான குழந்தைக்குக் கட்டணமே இல்லை. சீட்டு எடுக்கும்போது உங்கள் மகனையும் சேர்த்துக் குறிப்பிட்டால் போதும். ஜெர்மனியில் மூன்று நான்கு நாள்களே தங்கும் உங்கள் குடும்பத்துக்கு அந்த மாதச் சீட்டு ஏற்றதல்ல என்பது என் கருத்து.

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் செல்ல, பவேரியா மாநிலத்தின் ஒருநாள் சீட்டான பயர்ன் டிக்கெட் எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் வட்டார ரயிலில் செல்லலாம், சால்ஸ்பர்க் நிலையம் வரை அது செல்லுபடியாகும். வார நாள்களில் காலை ஒன்பது மணிக்கு முன்பு மட்டும் பயன்படுத்த முடியாது.

தாமதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜெர்மனியின் முக்கியத் தடங்கள் ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றன. 2024இல் ஃபிராங்க்ஃபர்ட்–மன்ஹைம் தடம் ஜூலை முதல் டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. அதனால் ரயில் மாறும் இடங்களில் ஐந்து நிமிட இடைவெளியை நம்பாதீர்கள். மாமியாருடன் செல்லும்போது அரைமணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். நேரடி ரயில் இருந்தால், சில யூரோ கூடுதலானாலும் அதுவே நல்லது.

மறுமொழி – பேர்ணில் வசிக்கும் ஈழத்தமிழர்

வணக்கம் அம்மா. சுவிஸ் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே 1982ஆம் ஆண்டு முதல் சீரான இடைவெளி நேர அட்டவணை நடைமுறையில் உள்ளது. லூசெர்ன், சூரிச் போன்ற நகரங்களுக்கு இடையே தொடருந்துகள் அடிக்கடி இருப்பதால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததற்கு நீண்டநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த அட்டையை வாங்குவது என்பதை நீங்கள் ஏறப்போகும் மலையே தீர்மானிக்கும். சுவிஸ் டிராவல் பாஸில் ரிகி மலைத் தொடருந்தும் ஏரிக் கப்பல்களும் முழுமையாக அடங்கும். மிக உயரத்திலுள்ள மலை நிலையமான யுங்ஃப்ராவ்யோக் செல்வதானால், அந்தப் பாஸுக்குக் கிரின்டெல்வால்ட், வெங்கன் ஆகிய ஊர்களுக்கு மேலே 25 விழுக்காடு கழிவு மட்டுமே கிடைக்கும். அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் பாதி விலை. இரண்டில் எதை வாங்கினாலும், மகன் பெற்றோருடன் கட்டணமின்றிப் பயணிக்க உதவும் குடும்பப் பயண அட்டை இலவசமாகவே கிடைக்கும். நீங்கள் கேட்டுப் பெற மறக்க வேண்டாம்.

என் சொந்த விருப்பம் ரிகிதான். யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. எழுபது வயதில் அந்த உயரத்துக்கு ஏறுமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது நல்லது. ரிகியிலோ, 1871இல் திறக்கப்பட்ட பற்சக்கரத் தொடருந்தில் அமர்ந்தபடியே உச்சிக்கு அருகே சென்றுவிடலாம். முழங்காலுக்கு அதிக வேலையில்லை.

மறுமொழி – மியூனிக்கில் வசிப்பவர்

ஆஸ்திரியாவுக்கு ஷ்பார்ஷீனே என்னும் சலுகைச் சீட்டை எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. வியன்னா–இன்ஸ்ப்ரூக் ரெயில்ஜெட் விரைவு ரயில், சால்ஸ்பர்க்கைத் தாண்டியதும் சிறிது தூரம் ஜெர்மானிய மண்ணில் ஓடி மறுபடி ஆஸ்திரியாவுக்குள் வரும்; அதற்குத் தனிச்சீட்டு வேண்டியதில்லை. இன்ஸ்ப்ரூக்–சூரிச் பயணத்தில் பகலில் செல்லுங்கள், ஆர்ல்பெர்க் மலைத்தடத்தை இருட்டில் கடப்பது பெரிய இழப்பு. எல்லையிலுள்ள புக்ஸ் நிலையத்தில் ரயில் திசை மாறிப் புறப்படும். தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பதறாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தனித்தனிச் சீட்டுகளே எடுக்கிறோம், மலை ரிகிதான் என்று மாமியாரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். விமானம் இறங்கி எத்தனை மணி நேரம் கழித்து மியூனிக் ரயிலுக்குப் பதிவு செய்யலாம்?

மறுமொழி – மியூனிக்கில் வசிப்பவர்

குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் விடுங்கள். குறிப்பிட்ட ரயிலில் மட்டும் செல்லும் சலுகைச் சீட்டு அன்று வேண்டாம். விலை கூடினாலும், அந்த நாளில் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸ் சீட்டை எடுத்து, இருக்கைகளைத் தனியே பதிவு செய்யுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன; நீங்கள் செல்ல வேண்டியது ஃபெர்ன்பான்ஹோஃப் என்று எழுதிய தொலைதூர நிலையம். மியூனிக் முதன்மை நிலையத்தில் விரைவு ரயில்கள் தெருமட்டத்திலேயே வந்து முடிவதால், இறங்கிய பிறகு மாமியாருக்குப் படிக்கட்டுத் தொல்லை இருக்காது.