180 லிட்டர் வடிகட்டினால் மீதி எங்கே போகிறது?

முதுநகர் பையன்:
தங்கச்சிக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறதாம். ஆனால் நாம் சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர்தானே? அச்சுப்பிழையா?

லேப் அக்கா, புதுச்சேரி:
பிழை இல்லை தம்பி. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர்தான், அதையே திரும்பத் திரும்ப வடிகட்டுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான் என்ற குட்டி வடிகட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் கிளாமருலஸ் என்ற மெல்லிய ரத்தக் குழாய் முடிச்சில் ரத்த அழுத்தத்தால் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் அந்த நீர் நுண்குழாயில் ஓடும்போது 99 சதவீதம் மறுபடி ரத்தத்துக்கே போய்விடுகிறது. சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்குச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும்.

வலைக்காரன்:
அப்போ நாள் முழுக்கக் கடலில் வெயிலில் காய்ந்துவிட்டு வந்தால் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறதே, அது ஏன்?

லேப் அக்கா, புதுச்சேரி:
உடம்பில் தண்ணீர் குறைந்ததும் மூளையிலிருந்து ஏடிஹெச் ஹார்மோன் கூடுதலாக வரும், அது சொன்னபடி சிறுநீரகம் இன்னும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போட்டில் கேன் தண்ணீர் தீர்ந்தாலும் கடல் தண்ணீரைக் குடித்துவிடாதீங்க அண்ணே, அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் போய்விடும்.

முதுநகர் பையன்:
சரி அக்கா, இப்போது புரிகிறது. தங்கச்சியிடம் எனக்கே தெரிந்த மாதிரி சொல்லிவிடுகிறேன்.