ஊட்ஜெரூ நூனக்கல், கேத் வாக்கர்: இருவரா, ஒருவரா?

கேள்வி:
ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனக்கல் பற்றிப் பள்ளி நூலகத்தில் ஒட்ட ஒரு பக்க அறிமுகம் தயாராகிறது. சில நூல்களில் கேத் வாக்கர் என்று போட்டிருக்கிறார்கள். இருவரும் ஒருவரா? "1967இல் பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தவர்" என்று எழுதலாமா?

பதில் 1:
ஒருவர்தான். 1920இல் பிறந்தபோது கேத்லீன் ரஸ்கா, மணமான பின் கேத் வாக்கர். 1964இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது வாக்கர் என்ற பெயரில்தான். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் கவிதைகள் நூலாக வந்ததும் அதுவே முதல் முறை. வெள்ளையர் குடியேறிய 200ஆம் ஆண்டை நாடு 1988இல் கொண்டாடத் தயாரானபோது, 1970இல் பெற்ற எம்.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் அரச விருதைத் திருப்பிக் கொடுத்தார். வாக்கர் என்ற பெயரையும் விட்டார். ஊட்ஜெரூ என்பது தாள்தாளாகப் பட்டை உரியும் ஒரு மரத்தின் பெயர். நூனக்கல் குடும்பப் பெயர் அல்ல, அவருடைய மக்களின் பெயர். பழைய பதிப்புகளைத் தேடும்போது வாக்கர் என்றும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி கிடைக்காது.

பதில் 2:
வாக்குரிமை வரியை எடுத்துவிடுங்கள், எல்லோரும் வழுக்குகிற இடம் அது. கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1962லேயே வந்துவிட்டது. அவருடைய குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1965இல். 1967 மே 27 வாக்கெடுப்பு மாற்றியது அரசியலமைப்பை: மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற 127ஆம் பிரிவு நீங்கியது, அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு 90.77 சதவீதம். அதற்காக ஊர் ஊராகப் பேசியவர்களில் இவர் முக்கியமானவர். "வாங்கித் தந்தவர்" என்பது மிகை.

அதற்குப் பதில் 1963ஐச் சேர்க்கலாம். பூர்வகுடி உரிமை கேட்கத் தூதுக்குழுவோடு போனவருக்குப் பிரதமர் மென்சீஸ் மது நீட்ட, "குயின்ஸ்லாந்தில் இதற்காக உங்களைச் சிறையில் போடுவார்கள்" என்ற பொருளில் சொன்னார். பூர்வகுடிக்கு மது கொடுப்பது அப்போது அங்கே குற்றம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஊர், படம்?

பதில் 1:
ஊர் மிஞ்சரிபா. வரைபடத்தில் வட ஸ்ட்ராட்புரோக் தீவு என்றிருக்கும், இரண்டையும் போடுங்கள். 1970களில் அங்கே திரும்பி, மூங்கல்பா என்ற இடத்தில் பிள்ளைகளுக்குத் தம் மக்களின் வழக்கங்களைக் கற்பித்தார். 1993இல் மறைந்தார். இறந்தவரின் படமும் பெயரும் பல பூர்வகுடிச் சமூகங்களை வருத்தும் என்பதால், ஆஸ்திரேலியாவில் முன்கூட்டியே ஓர் அறிவிப்பு வைப்பார்கள். படத்துக்கு அடியில் அல்ல, மேலே.